தோட்டத்துப் பழம்பொருள்களும் நம் கடமையும்

கோடை விடுமுறை தொடங்கியவுடன் நம் கல்லூரி விடுதி வெறிச்சோடிவிடுகின்றது. மாணவருட் பெரும்பாலார் தத்தம் சிற்றூர்க்குச் செல்கின்றனர். அங்கே சிலர் தந்தையார்க்குத் துணையாகத் தோட்டத்தில் இறங்கி, வரப்புச் செதுக்கியும், வாய்க்கால் வெட்டியும், தென்னங்கன்றுக்குக் குழி தோண்டியும் வேலை செய்வது உண்டு. இது பெரிதும் பாராட்டத் தக்கது. ஏடு பிடித்த கை மண்வெட்டி பிடிக்க நாணுதல் கூடாது என்பதே எம் கருத்து. ஆயினும், ஈண்டு யாம் எழுதப் புகுந்தது உழைப்பின் பெருமையைப் பற்றியன்று. அவ்வாறு மண்ணை அகழுங்கால் ஒரோவழி வெளிப்படுகின்ற பழம்பொருள்களைப் பற்றியும், அவற்றைக் கண்டார் செய்யத்தக்கது யாது என்பதைப் பற்றியுமே சில கூற விரும்புகின்றோம். இதனைக் கூறுதற்கு எமக்கு உரிமை தந்தது யாம் பெற்ற புலமையன்று. யாம் செய்த பிழையே ஆகும். ஆதலின் அப்பிழையை முதலிற் சொல்லிவிடுதல் முறை.

ஏறத்தாழ முப்பது ஆண்டுகட்கு முன், யாம் இக்கல்லூரியில் இரண்டாம் ஆண்டு மாணவராயிருந்தோம். எம் ஊர் தாமிரபரணிக் கரையினின்றும் சிறிது தொலைவில், செம்மண் மேடொன்றின் ஓரத்தே உளது. அக்கோடையில் எம் தந்தையார் தோட்டத்தின் மேற்குப் பகுதியில் தென்னை வைக்கக் கருதி, வேலையாள் இருவரை அமர்த்தி, எம்மையும் உடன் அனுப்பினார். மூன்றாங் குழி இடுப்பளவு ஆழம் சென்றபோது கடப்பாரை ஏதோ ஒன்றில் மோதிற்று. ஓசை கல்லின் ஓசை போன்றிலது. மண்ணை நீக்கிப் பார்த்தோம். தடித்த விளிம்புடைய பெருந்தாழி ஒன்றின் வாய் தெரிந்தது.

வேலையாள்களுள் மூத்தவர் கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டார். "தம்பி, இது மதமதக்காத் தாழி. நமக்கு வேண்டாம். மண்ணைத் தள்ளி மூடிவிட்டு, அந்தப் பக்கம் நான்கு முழம் தள்ளிக் குழி போடுவோம்" என்றார். சாகாமலே மூத்துச் சுருங்கிப்போன முதியவர்களைச் சோறும் நீரும் உடன்வைத்துத் தாழியில் இட்டுப் புதைத்தார்கள் என்று நம் நாட்டுப்புறத்தார் வழங்கும் கதையை அவர் நம்பியவர். இளையவரோ, "உள்ளே பொன் இருந்தாலும் இருக்கும்" என்றார். எம் உள்ளம் இளையவர் பக்கமே சாய்ந்தது. எமக்குப் பொன்னாசை இல்லை, அறிவு வேட்கையே உளது என்று எம்மை யாமே ஏமாற்றிக்கொண்டு, மூத்தவர் சொல்லை மூடநம்பிக்கை என்று தள்ளினோம்.

தாழியை உடைத்தோம். உள்ளே மண் நிறைந்திருந்தது. மண்ணினிடையே, உட்புறம் கருத்தும் வெளிப்புறம் சிவந்தும் தோன்றிய சிறு கலங்கள் நான்கைந்து, துருவேறி இரும்பென்று அறியவும் அரிதாகிய ஒரு துண்டு, தொட்டவுடன் பொடிந்த எலும்புகள், இவையே கிடைத்தன. பொன் இலது. உள்ளிருந்த மண்ணைக் கூடையில் வாரி வரப்பிற் கொட்டினோம். உடைந்த ஓடுகளை வேலியோரம் எறிந்தோம். உடையாத கிண்ணம் ஒன்றை மட்டும் நன்றாகத் தேய்த்துக் கழுவி வீட்டிற்கு எடுத்துச் சென்றோம். பொழுது சாய்வதற்குள் அக்குழியில் தென்னங்கன்று நின்றது. அது வளர்ந்து இன்றும் காய்க்கின்றது.

அக்கிண்ணம் பல்லாண்டு எம் புத்தக அலமாரியில் அழகுப் பொருளாய் அமர்ந்திருந்தது. வருவார்க்கெல்லாம் அதனைக் காட்டிப் பெருமை கொண்டோம். ஒருநாள் அகழாய்வில் பழகிய அன்பர் ஒருவர் எம் இல்லம் போந்தார். அவரிடமும் காட்டினோம். அவர் அதனைக் கையிலேந்திப் பார்த்துவிட்டு ஒன்றன்பின் ஒன்றாகச் சில வினாக்களைக் கேட்டார். எத்தனை அடி ஆழத்திற் கிடைத்தது? தாழி நேரே நின்றதா, சாய்ந்திருந்ததா? அதன் வாயை மூடியது யாது? கிண்ணம் தாழியினுள்ளே இருந்ததா, புறத்தே இருந்ததா? இரும்பு எலும்பிற்கு மேலா, கீழா? உள்ளிருந்த மண் எங்கே? இவற்றுள் ஒன்றற்கேனும் எம்மால் உறுதியாக விடையிறுக்க இயலவில்லை. அவர் எம்மைக் கடிந்துகொள்ளவில்லை. கிண்ணத்தை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வேறு பேச்சிற் புகுந்தார். கடிந்திருந்தால் எமக்கு அத்துணை வருத்தம் இராது.

அன்றுதான் யாம் ஓர் உண்மையை உணர்ந்தோம். மண்ணுக்குள் கிடக்கும் பழம்பொருளின் மதிப்பிற் பாதி அப்பொருளில் உளது. மற்றைப் பாதி அது கிடக்கும் இடத்தில் உளது. ஓலைச் சுவடிகளைக் கையாண்டவர் இதனை எளிதில் அறிவர். கட்டவிழ்ந்த சுவடியினின்றும் தனியே உதிர்ந்த ஓர் ஓலை கிடைக்கின்றது. அதில் எழுத்துத் தெளிவாக இருக்கின்றது. ஆனால் ஏட்டெண் முரிந்துபோயிற்று. அஃது எந்நூலைச் சார்ந்தது, எதன் பின்னும் எதன் முன்னும் வருவது என்று அறியமாட்டாது புலவர் திகைக்கின்றார். மண்ணும் அத்தகைய சுவடியே. பெரும்பாலும் மேலடுக்கு பிற்காலத்தது, கீழடுக்கு முற்காலத்தது. எப்பொருள் எவ்வடுக்கில் எதனோடு சேர்ந்து கிடந்தது என்பதே அதன் ஏட்டெண். பொருளை இடத்தினின்றும் பெயர்த்தபோதே எண்ணை முரித்துவிட்டோம். முரித்தபின் எத்துணைப் பொன் கொடுத்தாலும் அதனைத் திரும்பப் பெறுதல் இயலாது.

எம் பகுதியினின்றே ஒரு சான்று காட்டுவோம். ஆதிச்சநல்லூரை அறியாதார் இரார். 1876-இல் ஜெர்மானியராகிய யாகோர் என்பார் அங்கே அகழ்ந்து பொருள்களைத் தம் நாட்டுக்குக் கொண்டு சென்றார். பின்னர் 1899 முதல் 1905 வரை அலெக்சாந்தர் ரீ என்பார் அகழ்ந்து தாழிகளும், இரும்புக் கருவிகளும், வெண்கலக் கலங்களும், பொன்னாலாகிய நெற்றிப்பட்டங்களும் கண்டெடுத்தார். அப்பொற்பட்டங்களைக் கண்டார் வியந்தனர். ஆயினும் அவை தம் வயதைத் தாமே கூறவில்லை. அவ்வூர்க்கு அண்மையிலுள்ள சிவகளையில் மாநிலத் தொல்லியல் துறையினர் அண்மை ஆண்டுகளில் அகழ்ந்தபோது, ஒரு தாழியினுள் மண்ணோடு கலந்து கிடந்த நெல்லுமியைப் போற்றி எடுத்து, அமெரிக்க நாட்டு ஆய்வுக்கூடம் ஒன்றிற்கு அனுப்பினர். அதன் காலம் கி.மு. 1155 என்று கணிக்கப்பட்டமை 2021-இல் அறிவிக்கப்பட்டது. பொன் கூறாத காலத்தை உமி கூறிற்று! அச்செய்தியைப் படித்த அன்று, எம் தோட்டத்து வரப்பிற் குப்பையெனக் கொட்டிய அந்த ஒரு கூடை மண் எம் கண்முன் வந்து நின்றது. அதனுள் உமி இருந்ததோ இல்லையோ, யார் அறிவார்? அறியும் வாயிலை அடைத்தவர் யாமே.

சிவகளையைப் பற்றி மற்றொன்றும் கூறுதல் தகும். அவ்வூர் மேட்டிற் பழம்பொருள்கள் உளவென்பதை உலகிற்கு எடுத்துக் காட்டியவருள் முதன்மையானவர் அங்குள்ள பள்ளியின் வரலாற்று ஆசிரியர் ஒருவரே. அவர் கண்டார், தாமே தோண்டாமல் உரியவர்க்கு உரைத்தார். கண்டதை உரைத்தமையும் தோண்டாமையும் ஆகிய இவ்விரண்டாலும் அவ்வுமி தப்பிற்று.

இனி, உடைந்த மட்கலத்தால் ஆவதென்ன என்று வினவுவாரும் உளர். அவர்க்கு அரிக்கமேட்டின் கதையைக் கூறுவோம். புதுச்சேரிக்கு அண்மையில் அரியாங்குப்பத்து ஆற்றின் கரையில் மரங்கள் செறிந்த ஒரு தோப்பே அரிக்கமேடு. அங்கே மணிகளும் ஓடுகளும் தரையில் வெளிப்படுதலைக் கண்டு, 1930-களில் பேராசிரியர் ழுவோ துப்ரேய் என்பார் அவற்றிற் கருத்தூன்றினார். 1945-இல் மார்ட்டிமர் வீலர் என்பார் அவ்விடத்தை முறைப்படி அகழ்ந்தார். அவர்க்குப் பெரிதும் பயன்பட்டவை பொற்காசுகள் அல்ல. இத்தாலி நாட்டு அரெஸ்ஸோ நகர்ப் பாங்கில் வனையப்பட்ட செந்நிறக் கலங்களின் உடைந்த துண்டுகளே. அக்கலங்கள் எக்காலத்தில் வனையப்பட்டன என்பது ஐரோப்பாவில் முன்னரே ஆராய்ந்து அறியப்பட்டிருந்தது. எனவே, அவற்றோடு ஒரே மண்ணடுக்கிற் கிடந்த நம் நாட்டுக் கலங்களின் காலமும் தெளிவாயிற்று. அது கொண்டு தென்னாட்டின் பிறவிடங்களிற் கிடைக்கும் அத்தகைய கலங்களின் காலத்தையும் ஒருவாறு வரையறுக்கலாயினர். அந்த ஓடுகளை யாரேனும் ஒருவர் அழகு கருதிப் பொறுக்கிக் கொண்டுபோய்த் தம் அலமாரியில் அடுக்கியிருப்பாராயின், அவை வெறுஞ் சிவப்போடுகளாகவே முடிந்திருக்கும். நம் ஓட்டோடு சேர்ந்து கிடந்தமையாலன்றோ அவை பேசின!

தோட்டத்திற் குழி தோண்டுங்கால் கிடைத்ததற்கே ஓர் எடுத்துக்காட்டு வேண்டுமாயின், மயிலாடுதுறைக்கு அண்மையிலுள்ள செம்பியன் கண்டியூரைச் சொல்லலாம். 2006-ஆம் ஆண்டில் அவ்வூர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவர் தம் இல்லத் தோட்டத்தில் வாழையும் தென்னையும் வைக்கக் குழி தோண்டினார். கையளவான கற்கோடரி கிடைத்தது. அதனை அவர் வாயிற்படியில் இட்டுக் கத்தி தீட்டவில்லை. தரங்கம்பாடியிலுள்ள டேனியர் கோட்டை அருங்காட்சியகத்தின் காப்பாளரிடம் ஒப்படைத்தார். அதன்மேல் நான்கு குறிகள் பொறிக்கப்பட்டிருந்தன. அவை சிந்துவெளி எழுத்துக்களே என்று கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் அவர்கள் கருதினார். அதனை ஒப்பாத அறிஞரும் உளர். எது சரியென்று தீர்ப்பளித்தல் எம் பணியன்று. ஆனால், இரு திறத்தாரும் வழக்காடுதற்கு அக்கல் இன்று இருக்கின்றது. அஃது ஒருவர் செய்த நன்மை. அதே வேளையில், செடி வைக்கும் குழியில் தற்செயலாய் வெளிவந்த பொருளாதலின், அதனைச் சூழ்ந்து கிடந்த மண் கூறியிருக்கக் கூடிய சான்று அரிதாயிற்று. முறையான அகழாய்வில் அக்கல் வெளிப்பட்டிருப்பின் வழக்கு இத்துணை நீண்டிராது. இதில் அவ்வாசிரியர்மீது குறையேதும் இல்லை. மண்வெட்டி பட்டபின்னரே அவர் கண்டார். முன்னரே காண நேர்ந்தும் உடைத்த எம் போன்றார்க்கே அவர் செயல் பாடமாகின்றது.

இங்ஙனம் நன்மை விளங்கியும் நம் ஊரார் கண்டதை மறைப்பதற்குக் காரணங்கள் யாவை? எமக்குத் தோன்றியவை மூன்று. முதலாவது பொருளாசை, இரண்டாவது ஆவியச்சம், மூன்றாவது அரசினர் வந்து நிலத்தைக் கைக்கொள்வர் என்னும் ஐயம். இவற்றை முறையே ஆராய்வோம்.

பொருளாசை பற்றிச் சட்டம் கூறுவதை முதலில் அறிதல் வேண்டும். புதையல் பற்றிய இந்தியச் சட்டம் 1878-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. மண்ணில் மறைந்து கிடக்கும் மதிப்புள்ள எப்பொருளும் அதன்படி புதையலேயாம். பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடையதைக் கண்டவர் மாவட்ட ஆட்சியர்க்கு எழுத்தால் அறிவித்தல் வேண்டும் என்றும், மறைத்தவர் சிறைத் தண்டனைக்கும் உரியராவர் என்றும் அச்சட்டம் விதித்தது. அதில் பலர் அறியாத ஒரு நேர்மையும் உண்டு. பொருளுக்கு உரியவர் எவரும் இலர் என்று தெளிந்தவிடத்து, நான்கில் மூன்று பங்கு கண்டெடுத்தவர்க்கும், ஒரு பங்கு நிலத்துக்குரியவர்க்கும் என்று அது வகுத்தது. கண்டெடுப்பவர் பெரும்பாலும் கூலியாளே என்பதை எண்ணுங்கால், அன்றைய ஆட்சியாளர் இவ்வொன்றில் நம் நிலக்கிழார் பலரினும் பெருந்தன்மையுடையராயிருந்தனர் என்று சொல்லத் தோன்றுகின்றது.

ஆயினும் அச்சட்டத்தின்பால் யாம் காணும் குறை ஒன்று உளது. அரசினர் அப்பொருளைத் தமக்கென எடுத்துக்கொள்ளின், அப்பொருள் ஆகிய மூலப்பொருளின் மதிப்பும், அதன்மேல் ஐந்திலொரு பங்கும் கொடுத்தல் போதும் என்று அது கூறிற்று. பொன் கண்டவர்க்கு இதனாற் சிறிது பயன் உண்டு. மட்கலம் கண்டவர்க்கு என்ன பயன்? மண்ணின் விலை யாது? அதன்மேல் ஐந்திலொரு பங்கு யாது? உலோகத்தை நிறுக்கத் தெரிந்த சட்டம் அறிவை நிறுக்க அறிந்திலது. ஓட்டைக் கண்டு அறிவித்த ஏழைக்கு ஒரு சிறு தொகையும், அவர் பெயர் எழுதிய ஒரு பாராட்டிதழும் அளிக்கும் வழக்கம் எங்கும் நிலைபெறுமாயின், தண்டனை அச்சம் செய்யாததை அது செய்யும் என்பது எம் துணிபு. களவாக விற்றுப் பொருளீட்டலாம் என்று எண்ணுவார் ஒன்று நினைவிற் கொள்க. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தின்படி உரிமமின்றித் தொல்பொருள் வாணிகம் செய்தலும், தனியார் அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்புதலும் குற்றமாகும்.

இரண்டாவதாகிய ஆவியச்சத்தை எள்ளி நகையாடுதல் கற்றவர்க்கு எளிது. யாமும் அன்று நகைத்தோம். இன்று எண்ணிப் பார்க்குங்கால், அக்குழியினருகே நின்ற மூவருள் அறிவுடையார் அம்முதியவரே என்று தோன்றுகின்றது. "மூடிவிட்டு நான்கு முழம் தள்ளிக் குழி போடுவோம்" என்று அவர் சொன்னதே, இன்று தொல்லியல் கற்றவர் எவரைக் கேட்பினும் முதலிற் கூறும் அறிவுரை. அவர் கூறிய காரணம் வேறாயினும் விளைவு ஒன்றே. எத்தனையோ தலைமுறையாக இத்தகைய அச்சமன்றோ எம் மேட்டிலுள்ள தாழிகளைக் காத்து வந்தது? அச்சத்தை அகற்றிய கல்வி, அதனிடத்தில் மதிப்பை வைக்காது சென்றது. வெற்றிடத்தில் ஆசை வந்து புகுந்தது. கல்வியின் குறை இஃது என்று கூறேம். கற்ற எம் குறையே இது. தாழி என்பது ஒருவர்தம் உறவினரைக் கண்ணீரோடு இட்டு வைத்த இடம். கணவனை இழந்த ஒருத்தி, தனக்கும் இடமுண்டாகுமாறு தாழியை அகலமாக வனைந்து தருக என்று குயவனை வேண்டும் பாட்டு ஒன்று புறநானூற்றில் (256) உளது. அப்பாட்டைத் தமிழ் வகுப்பில் பொருளுணர்ந்து படித்துவிட்டு, அதே கோடையிற் கடப்பாரை ஓங்கினோம் யாம். பேய்க்கு அஞ்ச வேண்டுவதில்லை. இறந்தார்க்கு மதிப்பளித்தல் வேண்டும்.

மூன்றாவது நிலம் பற்றிய ஐயம். இதனை வெற்றையம் என்று ஒதுக்குதல் உழவர்க்கு நீதியாகாது. மூன்று ஏக்கர் நிலத்தை நம்பி வாழும் ஒருவர்க்கு அதில் ஒரு பகுதி ஓராண்டு பயிரின்றிக் கிடத்தலும் பெருந்துன்பமே. ஆயினும் கீழடியில் நடந்தது சிறிது ஆறுதல் தருகின்றது. அங்கே 2015-இல் இந்தியத் தொல்லியல் துறையினர் தொடங்கிய ஆய்வு பெரும்பாலும் தனியார் தென்னந்தோப்புகளிலேயே நடந்தது. உரியவர் இசைவு பெற்று, மரங்களுக்கு இடையே சதுரக் குழிகள் இட்டு ஆராய்ந்தனர். முதற் பருவங்களில் அகழ்ந்த குழிகள் ஆய்வு முடிந்தபின் மண்ணிட்டு மூடப்பட்டன. அத்தோப்புகளினின்றும் பெயர் பொறித்த ஓடுகள் வெளிவந்தன. 2023-இல் அங்கே ஓர் அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது. நிலமுடையார் இசையாதிருப்பின் இவற்றுள் ஒன்றும் நிகழ்ந்திராது. எனினும், நன்மை முழுதும் நாட்டிற்கும் இழப்பு முழுதும் உழவர்க்கும் என்றிருத்தல் தகாது. பயிரிழப்புக்கு உரிய ஈட்டுத்தொகையைக் காலந்தாழாது கொடுத்தல் ஆட்சியாளர் கடமை. அக்கடமை செவ்வனே நடப்பின் உழவர் தாமே முன்வந்து அறிவிப்பர்.

இனி, தோட்டத்தில் வேலை செய்யும் மாணவர் எதிர்பாராது பழம்பொருள் ஒன்றைக் காணின் செய்யத்தக்கன யாவை என்பதைச் சுருங்கக் கூறுவோம். முதலாவது, மண்வெட்டியை நிறுத்துக. வெளியே தெரிந்த பகுதியைப் பற்றி இழுத்தல் கூடாது. தற்செயலாய்க் கைக்கு வந்துவிட்டதாயின், கழுவுதலும் துடைத்தலும் வேண்டா. ஒட்டியுள்ள மண்ணும் சான்றே. கலத்தினுள் மண் இருப்பின் அதனைக் கொட்டாது அவ்வாறே வைக்க. தரையினின்றும் எத்தனை சாண் ஆழம் என்பதை அளக்க. அளவுகோல் இல்லையேல் கடப்பாரையையே கோலாகக் கொண்டு, அடையாளம் இட்டுப் பின்னர் அளக்கலாம். கிணற்றின் விளிம்பு, வேலிமூலை, முதிய மரம் போன்ற அசையாப் பொருள் இரண்டினின்றும் குழி எத்துணைத் தொலைவு என்பதை எழுதுக. இக்காலத்து மாணவர் கையில் கைபேசி இல்லாத நேரம் இல்லை. அதனாற் குழியைப் பல பக்கமும் படமெடுக்க. பொருளின் அருகே அடிக்கோல் ஒன்றை வைத்து எடுப்பின் அளவு விளங்கும்.

அதன்பின் குழியைச் சாக்கினால் மூடி, மேலே மண் தூவிவிட்டுக் கிராம நிர்வாக அலுவலர்க்கோ வட்டாட்சியர்க்கோ மாவட்ட அருங்காட்சியகக் காப்பாளர்க்கோ எழுதி அறிவிக்க. 'இன்னும் என்ன இருக்கின்றது பார்ப்போம்' என்று மேலும் தோண்டுதல் முற்றிலும் தகாது. ஊரெல்லாம் பறைசாற்றிக் கூட்டம் கூட்டுதலும் தகாது. இறுதியாக ஒன்று: முதலிற் கண்டவர் வேலையாளாயின் அவர் பெயரையே எழுதுக. நிலம் நம்முடையதாயினும் கண் அவருடையது. எம்மூரில் அம்முதியவர் பெயரை எந்தக் குறிப்பிலும் யாம் எழுதிற்றிலம்.

நம் கல்லூரியும் இதில் ஒரு பங்கு கொள்ளலாம். மாணவர் கொண்டுவரும் பொருள்களைத் திரட்டிக் கண்ணாடிப் பேழையில் அடுக்கி ஒரு காட்சிச்சாலை அமைக்க வேண்டும் என்று பழைய மாணவர் சிலர் சொல்வது உண்டு. எம் கருத்து அதற்கு மாறானது. பேழை இருப்பின் அதனை நிரப்பும் ஆசை பிறக்கும். ஆசை பிறப்பின் ஊர்தோறும் தாழிகள் உடையும். அதற்கு மாறாகக் கல்லூரி ஒரு குறிப்பேடு வைப்பதாக. ஒவ்வொரு மாணவரும் விடுமுறை முடிந்து திரும்புங்கால், தம் ஊரிற் கண்ட பழைய மேடு, கல்வட்டம், உடைந்த ஓடுகள் பரந்த நிலம், கவனிப்பாரற்ற கல்வெட்டு ஆகியவற்றை இடம் விளங்க அதில் எழுதுவாராக. பொருள் அங்கேயே கிடக்கட்டும். செய்தி இங்கே சேரட்டும். அக்குறிப்பின் படியை ஆண்டுக்கொருமுறை தொல்லியல் துறையினர்க்கு அனுப்புதல் வரலாற்றுத் துறை ஆசிரியர்க்கு அரிய செயலன்று. இதற்குப் பெரும்பொருட் செலவும் இல்லை. பத்தாண்டில் நம் மாணவர் ஊர்கள் அனைத்தும் அடங்கிய ஓர் அரிய ஏடு உருவாகிவிடும்.

இஃது ஆகுமா என்று ஐயுறுவார்க்குப் பல்லாவரத்தை நினைவூட்டுவோம். 1863-ஆம் ஆண்டு மே மாதம் 30-ஆம் நாள் அங்கே சரளைக்கல் வெட்டிய பள்ளம் ஒன்றில் புரூஸ் புட் என்னும் நிலநூலார் ஒரு பழைய கற்கருவியைக் கண்டார். இந்நாட்டின் பழங்கற்கால ஆராய்ச்சி அதினின்றே தொடங்கிற்று. அப்பள்ளத்தில் அவர்க்கு முன் எத்தனையோ பேர் வேலை செய்திருப்பர். எத்தனையோ பேர் அவ்வழி நடந்திருப்பர். அவர்க்குக் கிடைத்தது புதிய கல் அன்று. பார்க்கக் கற்ற கண்ணே. அக்கண்ணை மாணவர்க்கு அளித்தல் கல்லூரியின் வேலை.

எம் கிண்ணத்திற்கு என்ன ஆயிற்று என்று கேட்பீராயின், அதனை மாவட்ட அருங்காட்சியகத்தில் ஒப்படைத்துவிட்டோம். காப்பாளர் ஒரு படிவம் கொடுத்து நிரப்பச் சொன்னார். ஊர்ப்பெயர் எழுதினோம், தோட்டத்தின் எல்லை எழுதினோம், கிடைத்த ஆண்டும் எழுதினோம். ஆழம், உடன்கிடந்த பொருள்கள் அமைந்திருந்த முறை, உள்ளிருந்த மண் ஆகிய மூன்றற்கும் உரிய இடத்தில் 'தெரியாது' என்று எழுதிக் கையொப்பமிட்டோம். கண்டவர் பெயர் என்னுமிடத்தில், காலஞ்சென்ற அம்முதியவர் பெயரை எழுதினோம். மாணவத் தோழர்காள்! நும் ஊர்த் தோட்டத்திலும் ஒருநாள் கடப்பாரை வேறோசை எழுப்பக் கூடும். அன்று நீவிர் நிரப்பும் படிவத்தில் 'தெரியாது' என்னும் அச்சொல் ஓரிடத்தும் வாராதிருக்குமாக.